கைதுப் பதிவைத் தேடும் முன்

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரே கேள்வி மூன்று விதமாகக் காதில் விழும். "அண்ணே, தம்பியப் புடிச்சிட்டாங்கன்னு ரூம்லேருந்து ஃபோன் வந்துச்சு. எந்த ஸ்டேஷன்னு எங்க பார்க்கிறது?" என்று கேட்பார் ஓர் ஊழியர். "கல்லாவுக்குப் புதுசா ஒரு பையன் வர்றான். முன்னாடி போலிஸ் கேஸ் ஏதும் இருக்கான்னு எதுல பார்க்கலாம்?" என்பார் கடைக்காரர். மூன்றாமவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "ஆறு வருஷத்துக்கு முந்தி ஒரு கேஸ் ஆச்சு. இப்ப வேலைக்கு எழுதிப் போட்டா அது தெரிஞ்சிடுமா?"

மூவருக்கும் முதல் பதில் ஒன்றுதான். சிங்கப்பூரில் யார் யார் கைதானார்கள் என்று பொதுமக்கள் திறந்து பார்க்கும் பட்டியல் எதுவும் கிடையாது. காவல்துறையின் கைதுப் பதிவு காவல்துறையோடு நிற்கும். நீதிமன்றத்துக்குப் போன வழக்குத்தான் பொதுவெளிக்கு வரும். இந்தக் கோட்டைப் புரிந்துகொண்டால் எங்கே தேடுவது, யாரிடம் கேட்பது, எதைக் கேட்கவே கூடாது என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

ஊர்ப் பழக்கம் இங்கே உதவாது

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இதைக் கேட்டுத் திகைப்பது இயல்பு. அங்கே கைது என்பது சட்டப்படியே ஊரறிய நடக்கவேண்டிய காரியம். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், கைதுக் குறிப்பு எழுதவேண்டும், உறவினருக்குத் தெரிவிக்கவேண்டும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் அறிவிப்புப் பலகையில் தகவல் இருக்கவேண்டும் என்று விதித்தது. 2024 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், கைதானவர்களின் பெயர், முகவரியைப் பார்வைக்கு வைக்கவேண்டும் என்கிறது. முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றவேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்காவின் பல மாவட்டங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், சிறைக்குள் போனவரின் முகப்படத்தையே இணையத்தில் போட்டுவிடுவார்கள். வழக்கு ஒன்றுமில்லாமல் போன பிறகும் அந்தப் படம் அவரை வேலைக்கு வேலை துரத்தும்.

சிங்கப்பூர் அந்த வழியில் போகவில்லை. காவல்துறையின் செய்தி அறிக்கைகளைக் கவனித்திருப்பீர்கள்: "34 வயது ஆடவர் கைது" என்று வயதும் பாலினமும் இருக்கும், பெயர் இருக்காது. குற்றஞ்சாட்டப்பட்ட மறுநாள்தான் நாளிதழில் பெயர் வரும். வேலை தேடுகிறவருக்கு இந்த முறை பெரிய பாதுகாப்பு என்பது என் கருத்து. காணாமற்போன தம்பியைத் தேடுகிற அண்ணனுக்கோ இது கொடிய சுவர். இரண்டும் உண்மை. ஆகவே முதலில் அந்த அண்ணனுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் 48 மணி நேரம்

கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தவேண்டும். சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. காணொளி வழியாகவும் நிறுத்தலாம். கைதுக்கான காரணத்தை அவரிடம் சொல்லவேண்டும், வழக்கறிஞரைக் கலந்துபேச அனுமதிக்கவேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் வழக்கறிஞரை அந்தக் கணமே பார்க்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘நியாயமான காலத்துக்குள்’ என்றுதான் நீதிமன்றங்கள் இதற்குப் பொருள் சொல்லி வந்திருக்கின்றன. விசாரணையின் முதற்கட்டம் முடியும்வரை காத்திருக்க நேரலாம்.

ஆக, தம்பி பிடிபட்ட நேரத்தை முதலில் எழுதிவையுங்கள். கடிகாரம் அங்கிருந்துதான் ஓடுகிறது. பிறகு அவருடைய முழுப்பெயரைக் கடப்பிதழில் உள்ள எழுத்துப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி, பெர்மிட் அட்டையில் உள்ள ஃபின் எண், நிறுவனத்தின் பெயர், கடைசியாக அவரைப் பார்த்த இடம் ஆகியவையும் வேண்டும். இவற்றோடு பக்கத்திலுள்ள அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். லிட்டில் இந்தியாவில் இருப்பவர்களுக்கு அது கம்போங் கபூர் சாலையில் உள்ள ரோச்சோர் நிலையம். வரிசையில் நின்று, "இவர் உங்கள் காவலில் இருக்கிறாரா, எந்தப் பிரிவு விசாரிக்கிறது, விசாரணை அதிகாரியின் பெயர் என்ன?" என்று மூன்றை மட்டும் கேளுங்கள். விசாரணை அதிகாரியை இங்கே எல்லாரும் ‘ஐஓ’ என்பார்கள். அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வழக்கின் விவரத்தை அவர் சொல்லமாட்டார், சொல்லவேண்டிய கடமையும் அவருக்கில்லை. "எப்போது நீதிமன்றம்? பிணை உண்டா?" என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் போதும்.

நேரில் போக முடியாதவர்கள் 1800-255-0000 என்ற காவல்துறை எண்ணை அழைக்கலாம். 999 அவசரத்துக்கு மட்டும். ஆள் எங்கே என்று கேட்க அந்த எண்ணைத் தொடாதீர்கள்.

இந்தியக் குடிமகனாக இருந்தால் இன்னொரு கதவும் உண்டு. 1963ஆம் ஆண்டு வியன்னாத் தூதரக உறவு உடன்படிக்கைப்படி, கைதானவர் விரும்பினால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் போகவேண்டும். கிரேஞ்ச் சாலையிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குக் குடும்பத்தாரே எழுதிக் கேட்கலாம். ஊரிலிருக்கும் பெற்றோர் அங்குள்ள காவல் நிலையத்துக்கு அலைவதைவிட இது பயன்தரும்.

கைதானவர்கள் எல்லாரும் மறுநாளே நீதிமன்றம் ஏறுவதில்லை. வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, கடப்பிதழைப் பிடித்துவைத்துக்கொண்டு, காவல்துறைப் பிணையில் வெளியே விடுவதும் மிகச் சாதாரணம். அப்படிப்பட்டவரின் பெயர் மாதக்கணக்கில் எந்தப் பட்டியலிலும் வராது. வெளிநாட்டு ஊழியரென்றால் பெர்மிட் போய், ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிகத் தங்கும் சீட்டு கைக்கு வந்துவிடும். அந்தச் சீட்டு ஒருவரிடம் இருப்பதாலேயே அவர் குற்றவாளி என்று அறைத்தோழர்கள் முடிவுகட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சம்பளப் பாக்கிக்குப் புகார் கொடுத்தவருக்கும், வேலையிடத்தில் கால் ஒடிந்தவருக்கும் அதே ஸ்பெஷல் பாஸ்தான் தரப்படுகிறது.

பிணைக்கு ஆள் தேடுவது இன்னொரு சிரமம். பிணையாளர் பொதுவாகச் சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ, 21 வயது நிரம்பியவராகவும் இருக்கவேண்டும். அறைத்தோழர் பிணை நிற்க முடியாது. முதலாளி முன்வராவிட்டால் வழக்கறிஞர் உதவியை உடனே நாடுங்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வெளிநாட்டு ஊழியர்கள் புரோ போனோ எஸ்ஜி நடத்தும் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். 1985 முதல் இருக்கிற திட்டம் அது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். 48 மணி நேர விதிக்கு வெளியே நிற்கும் சட்டங்களும் இங்கே உண்டு. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும், 1955ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் தற்காலிக விதிகளும் விசாரணையின்றித் தடுத்துவைக்க இடம் தருகின்றன. அப்படிப்பட்ட நிலையில் வழக்கறிஞர் இல்லாமல் ஓரடியும் எடுத்துவைக்கக் கூடாது.

ஓர் இரவு, மூன்று விதமான பதிவு

கைது, குற்றச்சாட்டு, தண்டனை ஆகிய மூன்றும் வேறு வேறு என்பதை லிட்டில் இந்தியாவைவிடத் தெளிவாக வேறெந்த இடமும் சொல்லித்தராது. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் கூடுமிடத்தில் பேருந்தின் அடியில் சிக்கித் தமிழ்நாட்டுக் கட்டுமான ஊழியர் ஒருவர் இறந்தார். அவருக்கு வயது 33. தொடர்ந்து மூண்ட கலவரத்தில் காவல்துறை, குடிமைத் தற்காப்புப் படை வண்டிகள் எரிந்தன, நொறுங்கின. 10ஆம் தேதி செவ்வாய்க்கிழமை 24 இந்திய ஊழியர்கள் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். 48 மணி நேரக் கணக்கு அப்படியே நடந்ததைக் காணலாம்.

அதன்பின் நடந்ததுதான் நமக்குப் பாடம். முடிவில் வழக்கை எதிர்கொண்டவர்கள் 25 பேர். அவர்களுடைய பெயர், குற்றச்சாட்டு, தண்டனை எல்லாம் பொதுப்பதிவில் உள்ளன. 57 பேர் வேலை அனுமதி பறிக்கப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அது நிர்வாக முடிவு, அதனால் அவர்களைப் பற்றி நீதிமன்றத்தில் வழக்கு எண் கிடையாது. இன்னும் 200க்கு மேற்பட்டவர்களுக்குக் காவல்துறை அறிவுரை வழங்கி விட்டுவிட்டது. பேருந்தை ஓட்டியவரும் கைதானார். பிற்பாடு அவர்மீது குற்றஞ்சாட்டப்படவில்லை.

ஊருக்கு அனுப்பப்பட்ட 57 பேரில் ஒருவரைப் பற்றி இன்று ஒரு முதலாளி விசாரித்தால், நீதிமன்ற ஏட்டில் ஒன்றும் கிடைக்காது. ஓட்டுநரைப் பற்றி விசாரித்தால் பழைய செய்தியில் ‘கைது’ என்ற சொல் கிடைக்கும். இரண்டில் எதை வைத்தும் ஓர் ஆளை எடைபோட முடியாது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு அந்த இரவைப் பற்றிப் பொதுவில் சாட்சியம் கேட்டு, 2014 ஜூனில் அறிக்கை தந்தது. அது இன்றும் யாரும் படிக்கக்கூடிய ஆவணம். கைதுகளைப் பற்றி அறிய விரும்புகிறவர் படிக்கவேண்டியது அதைத்தான்.

நீதிமன்றப் பட்டியலும் நம் பெயர்களும்

குற்றஞ்சாட்டப்பட்டுவிட்டால் கதவு திறந்துவிடும். சிங்கப்பூர் நீதித்துறையின் இணையத்தளத்தில் விசாரணைப் பட்டியல் இருக்கிறது. வரும் நாள்களில் எந்த வழக்கு, எந்த நீதிமன்ற அறையில், எத்தனை மணிக்கு என்று அதில் பார்க்கலாம். பெயரைப் போட்டும் தேடலாம். கட்டணம் இல்லை. சிங்பாஸும் வேண்டாம். ஆனால் அது நடக்கப்போகும் விசாரணைகளின் பட்டியல், பழைய வழக்குகளின் கிடங்கு இல்லை. போன வருடத்து வழக்கை அதில் தேடி "ஒன்றுமில்லை" என்று நிம்மதியடைவதும் தவறு, கவலைப்படுவதும் தவறு.

தமிழ்ப் பெயர்களை அதில் தேடுவது தனிக் கலை. செல்வம் மகன் முருகன் என்றால் கடப்பிதழில் ‘செல்வம் முருகன்’ என்றும் இருக்கலாம், ‘முருகன் செல்வம்’ என்றும் இருக்கலாம். முதலெழுத்தை விரித்து எழுதும்போது தந்தை பெயர் முன்னால் போயிருக்கும். பெர்மிட் அட்டை அதைத்தான் பின்பற்றும், வழக்குப் பட்டியலும் அதைத்தான் பின்பற்றும். அறையில் எல்லாரும் ‘குமார்’ என்று கூப்பிடுகிறவருக்குக் கடப்பிதழில் வேறு பெயராகவே இருக்கலாம். உள்ளூர்த் தமிழர் பெயரில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ நடுவில் வரும். லட்சுமணன் என்ற ஒரே பெயரை ரோமன் எழுத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். ஆகவே ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். பெயரின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். பெயர் ஒத்துப்போனால் ஆள் ஒத்துப்போனதாகாது. ராஜேந்திரன், மணிகண்டன், சரவணன் என்ற பெயர்களில் இந்தத் தீவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வேறொருவர் செய்த திருட்டுக்காக நம் சரவணனுக்கு வேலை மறுக்கப்பட்டால் அவருக்குக் காரணமே தெரியாது. விளக்கம் சொல்ல ஒரு வாய்ப்பும் கிடைக்காது. கூகுளில் பெயரைப் போட்டு ஆள் எடுக்கும் முதலாளிகள் இந்த அநியாயத்தைத் தாங்கள் செய்ததாகக்கூட அறியமாட்டார்கள். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

பட்டியலில் வழக்கைக் கண்டுபிடித்துவிட்டால், நேரில் போய்ப் பார்க்க யாருக்கும் உரிமை உண்டு. அரசு நீதிமன்றங்கள் இருப்பது ஹேவ்லாக் ஸ்குவேரில், சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். 35 மாடிக் கட்டடம். 2014 மார்ச்வரை இவற்றுக்குச் ‘சார்நிலை நீதிமன்றங்கள்’ என்று பெயர், பழைய செய்திகளில் தேடுகிறவர்கள் அதை நினைவில் வையுங்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே போய்ப் பார்வையாளர் இருக்கையில் அமைதியாக உட்காரலாம். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். நீதிமன்ற அறையில் அனுமதியின்றிப் படமோ குரலோ பதிவுசெய்வது 2016ஆம் ஆண்டு நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஊரிலுள்ள அம்மாவுக்குக் காட்டுவதற்காக என்று சொன்னாலும் எடுபடாது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே ஏற்பாடு செய்யும். முதல் நாளில் பெரும்பாலும் குற்றச்சாட்டைப் படித்துக்காட்டி, பிணையைப் பேசி, அடுத்த தேதி கொடுப்பதோடு முடிந்துவிடும். ‘மென்ஷன்’ என்பது இதுதான். பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டதே என்று பதறவேண்டாம்.

இளையர் நீதிமன்றத்துக்குள் மட்டும் பொதுமக்கள் போக முடியாது. சிறாரின் அடையாளத்தை வெளியிடவும் தடை உண்டு. பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை மறைக்கும் உத்தரவு இருக்கும். அதை மீறி வாட்ஸ்அப்பில் பெயரை அனுப்புகிறவர்மீதும் வழக்கு வரும்.

முடிந்த வழக்குகளுக்குத் தீர்ப்புரைகள் உண்டு. எழுத்தில் வந்த தீர்ப்புகளை நீதித்துறையின் தளங்களில் இலவசமாகப் படிக்கலாம். கீழ்நிலையில் முடிந்துவிட்ட சிறு வழக்குகளுக்குப் பெரும்பாலும் எழுத்துத் தீர்ப்பே இருக்காது, மேல்முறையீடு போனால்தான் எழுதுவார்கள். வழக்குக் கோப்பையே பார்க்கவேண்டுமென்றால் நீதிமன்றத்துக்குக் காரணம் காட்டி விண்ணப்பிக்கவேண்டும். வெறும் ஆர்வம் அதற்குக் காரணமாகாது. பழைய செய்திகளுக்குத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் இருக்கிறது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் சேர்ந்திருக்கின்றன.

இங்கே ஒரு கிளைக்கதை. முன்னோரைத் தேடுகிற சிலருக்குக் கைதுப் பதிவுதான் முதல் தடயம். 1825 முதல் 1873 வரை சிங்கப்பூர் இந்தியக் கைதிகளை நாடுகடத்தி வைக்கும் இடமாக இருந்தது. சென்னை மாகாணத்திலிருந்தும் ஆட்கள் கப்பலேற்றப்பட்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இன்று இஸ்தானாவாக இருக்கும் மாளிகையும் அவர்களுடைய உழைப்பில் எழுந்தவை. அந்தக் கைதிகளின் காலனி ஆட்சிக்கால ஏடுகளை இன்று வரலாற்று ஆய்வாளர்கள் திறந்து படிக்கிறார்கள். உயிரோடு இருப்பவரின் பதிவைத்தான் பூட்டிவைக்கிறோம், அதுதான் முறை.

முதலாளிகளுக்கு

காவல்துறையிடம் போய் "இவர் மீது பதிவு உண்டா" என்று ஒரு கடைக்காரர் கேட்டால் பதில் கிடைக்காது. "போலிஸ் ரெக்கார்ட் எடுத்துத் தருகிறோம்" என்று காசு கேட்கும் தரகர் யாராக இருந்தாலும் கதவைச் சாத்துங்கள். சட்டப்படி ஆள் சரிபார்க்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. அவை பார்ப்பது நீதிமன்றத் தகவலும் செய்தியும் முன்னாள் முதலாளியின் சொல்லும்தான். காவல்துறையின் ஏடு அவற்றுக்கும் திறக்காது.

சில வேலைகளுக்கு உங்கள் கவலையை அரசாங்கமே சுமக்கிறது. பாதுகாவலர் உரிமத்தைக் காவல்துறையே சரிபார்த்துத் தருகிறது. டாக்சி, தனியார் வாடகை வண்டி ஓட்டுநருக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தொழில் உரிமம் வேண்டும். உரிமம் செல்லுபடியாகிறதா என்று பார்த்தாலே போதும்.

மற்ற வேலைகளுக்கு நேரே கேளுங்கள், ஆனால் சரியாகக் கேளுங்கள். "எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா?" என்பது பயனற்ற கேள்வி. கைது எதையும் நிரூபிப்பதில்லை. கடும் எச்சரிக்கை வாங்கியிருக்கிறாரா என்று கேட்பதும் அப்படியே. எச்சரிக்கைக் கடிதம் என்பது அதிகாரிகளின் கருத்து மட்டுமே, சட்டப்படி அது யாரையும் குற்றவாளியாக்காது என்று 2015இல் உயர் நீதிமன்றம் ஜோலோவன் வாம் வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. "இந்த வேலைக்குத் தொடர்புள்ள குற்றத்துக்கு நீதிமன்றம் உங்களைத் தண்டித்ததுண்டா, இன்னும் பதிவில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். கல்லாவில் உட்காருகிறவரிடம் பணமோசடியைப் பற்றிக் கேட்பது நியாயம். அவர் எட்டு வருடத்துக்கு முன் சண்டை போட்டதைத் தோண்டுவது எதற்கு?

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் வயது, இனம், சமயம், உடற்குறை போன்ற அடிப்படைகளில் பாகுபாட்டைத் தடுக்க வகைசெய்கிறது. அந்தப் பட்டியலில் குற்றப் பதிவு இல்லை. சட்டம் விட்ட இந்த இடத்தை முதலாளிகளின் மனசாட்சிதான் நிரப்பவேண்டும். 2004இல் தொடங்கிய மஞ்சள் நாடாத் திட்டமும், 2020 முதல் அந்தப் பெயரிலேயே இயங்கும் மஞ்சள் நாடா சிங்கப்பூர் அமைப்பும் சிறை மீண்டவர்களை வேலைக்குச் சேர்க்க முதலாளிகளுக்குக் கைகொடுக்கின்றன. பயமாக இருந்தால் அவர்களோடு பேசிப் பாருங்கள்.

கடைச் சுவரில் திருடியவரென்று சந்தேகப்படும் ஆளின் கேமராப் படத்தை ஒட்டுவது, முகநூலில் பெயரோடு போடுவது ஆகியவற்றை அறவே விடுங்கள். ஒருவரின் தனிப்பட்ட விவரத்தைத் துன்புறுத்தும் நோக்கில் வெளியிட்டால், துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் நீங்கள்தான் நீதிமன்றம் ஏறவேண்டிவரும். ஆள் தவறாகப் போனால் அவதூறு வழக்கும் வரும். புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை தேடுகிறவருக்கு

தாழ்ந்த குரலில் கேட்ட அந்த மூன்றாமவருக்கு நல்ல செய்தி இருக்கிறது. 1949ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் பதிவுச் சட்டத்தில் 2005இல் சேர்ந்த ஒரு விதியைப் பாதிப் பேர் அறியாமலே தலைகுனிந்து திரிகிறார்கள். தண்டனை 3 மாதச் சிறைக்கோ 2,000 வெள்ளி அபராதத்துக்கோ மேற்படாமல் இருந்து, அது ஒரே தண்டனையாக இருந்து, விடுதலையான நாளிலிருந்து, அபராதமென்றால் தீர்ப்பு நாளிலிருந்து, 5 ஆண்டுகள் வேறு குற்றமில்லாமல் கழிந்தால் அந்தப் பதிவு தானாகவே நீங்கிவிடும். ‘ஸ்பென்ட்’ என்பார்கள். அதற்குப் பிறகு "குற்றப் பதிவு உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதலாம். அது பொய்யாகாது, சட்டமே உங்களுக்குக் கொடுத்த பதில். கடும் குற்றங்களுக்கு இது பொருந்தாது. வரம்புக்கு வெளியே நிற்பவர்கள் காவல்துறை ஆணையருக்கு விண்ணப்பித்துக் கேட்கலாம். சமூகத் தீர்ப்பு உத்தரவு பெற்று அதை ஒழுங்காக முடித்தவர்கள் ஐந்து ஆண்டுகள்கூடக் காத்திருக்கவேண்டியதில்லை. உங்கள் பதிவு நீங்கியதா என்ற ஐயம் இருந்தால் ஊகிக்காமல் காவல்துறையிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வண்டியைத் தவறாக நிறுத்தியதற்குக் கட்டிய அபராதமெல்லாம் இந்தப் பதிவேட்டில் ஏறுவதில்லை. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு இடங்களில் எச்சரிக்கையாக இருங்கள். வெளிநாட்டு விசாப் படிவங்கள் அந்தந்த நாட்டுச் சட்டப்படிக் கேட்கும், "எப்போதாவது கைதானதுண்டா?" என்றுகூடக் கேட்கும். இங்கே நீங்கிய பதிவு அங்கே நீங்கியதாகாது. மனிதவள அமைச்சின் வேலை அனுமதிப் படிவத்திலும் கேள்வியைக் கவனமாகப் படித்து உண்மையை எழுதுங்கள். பொய்த் தகவல் தருவது வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டப்படி தனிக்குற்றம். ஏஜென்ட் நிரப்பினார் என்பது தப்பிக்க வழியாகாது. நிரப்பிய படிவத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகிறவர்களிடம் ‘போலிஸ் கிளியரன்ஸ்’ கேட்பார்கள். சிங்கப்பூரில் அதைத் தருவது காவல்துறை. இணையத்தில் விண்ணப்பித்து, நியூ பிரிட்ஜ் சாலையிலுள்ள கண்டோன்மன்ட் காவல்துறை வளாகத்தில் கைரேகை கொடுக்கவேண்டும். வெளிநாட்டவர் முதலில் தகுதிக்கு முறையிட்டு, சான்றைக் கேட்கும் அலுவலகத்தின் கடிதத்தைக் காட்டவேண்டும். அந்தச் சான்று பேசுவது தண்டனையைப் பற்றி. விசாரணையோடு முடிந்த கைது அதன் பொருளில்லை. இந்தியக் குடிமக்களுக்கு இந்தியத் தூதரகம் வழியாக வரும் சான்று தனி. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு.

கடைசியாக, பயத்தை விற்கும் கூட்டம். "உங்கள் பெயரில் கைது ஆணை இருக்கிறது, நாங்கள் போலிஸ் பேசுகிறோம், பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்று அழைப்பு வந்தால் உடனே துண்டியுங்கள். சிங்கப்பூர்க் காவல்துறை தொலைபேசியில் பணம் மாற்றச் சொல்லாது. ஐயமிருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். கைதுப் பதிவை நாமே போய்ப் பார்க்க முடியாத நாட்டில், நம் கைதுப் பதிவைத் தொலைபேசியில் படித்துக்காட்டுகிறவர் மோசடிக்காரர்தான்.

கடைக்கார அண்ணனிடம் ஒரு வேண்டுகோள். கல்லாவுக்கு வரப்போகும் அந்தப் பையனின் பெயரைக் கைப்பேசியில் தட்டுவதற்கு முன், அவனை உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக்கொடுத்து நேரே கேட்டுவிடுங்கள்.